மேற்குச் சுவரில் ஓதம்

ஜூன் 4

தம்பிக்கு,

நாம் பேசி எட்டு மாதம் ஆகிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நாலாவது வாக்கியத்தில் நீ கத்துவாய், ஐந்தாவதில் நான் வைத்துவிடுவேன். அதோடு, இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடும். கால் போனதிலிருந்து அவருக்குக் காது இரண்டு மடங்கு கூர்மை. இது அவர் காதில் விழக் கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் அறையில் மேற்குச் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருக்கிறது. போன வருஷம் தரையை ஒட்டி ஒரு சாண் அளவுக்குக் கறுத்திருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது முழங்கால் உயரத்தைத் தாண்டிவிட்டது. பெயிண்ட் பொரிந்து பொரிந்து உதிர்கிறது. உள்ளே விரலை வைத்தால் வெள்ளையாக உப்பு ஒட்டுகிறது. தினமும் பெருக்கினால் ஒரு முறம் சுண்ணாம்பு வருகிறது. கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போட்டிருக்கிறேன். அலமாரியில் அவருடைய சட்டைகள் பூஞ்சணம் பிடித்து நாறுகின்றன. என் தையல் அறைக்கும் அதே சுவர்தான் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஒரு பெண் கொடுத்த வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாகக் கறை. மேஜை மேல் எறிந்துவிட்டுப் போனாள். அது போகட்டும். அப்பாவுக்கு இரண்டு மாதமாக இருமல் நிற்கவில்லை.

நான் படித்தவள் இல்லை. ஆனால் கண் இருக்கிறது. நீ முற்றத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, சிமென்ட் கல் பாவிய பிறகுதான் இது வந்தது. முன்பு முற்றத்திலிருந்து வீட்டுக்குள் வர இரண்டு படி. இப்போது வெளித் தரையும் உள் தரையும் ஒரே மட்டம். மழை பெய்தால் தண்ணீர் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

ஒன்றை நான் மறுக்கவில்லை. அந்தக் கல் போட்ட நாளிலிருந்து அப்பா தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு காலையும் மாலையும் வெளியே போகிறார். யாரையும் கூப்பிடுவதில்லை. சுற்றுச்சுவர் வரை போய், தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "இது என் மகன் போட்ட தரை" என்று காட்டுகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சுவரை ஒட்டி ஒரு வரிசைக் கல்லையாவது எடுக்கலாமா என்று கேட்டேன். "ஒரு கல்லைத் தொட்டாலும் நான் சாப்பிட மாட்டேன்" என்றார். ஓதத்தைக் காட்டினால், "வீட்டுக்கு வயசாயிடுச்சு. எனக்கு வேர்க்குது, அதுக்கும் வேர்க்குது" என்று சிரிக்கிறார்.

நீ சொன்னால் கேட்பார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

அக்கா

*

ஜூன் 19

அக்காவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பயந்துவிட்டேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள். என்னோடு அறையில் இருக்கும் மூன்று பேரும் என்ன கேஸா என்று கேட்டார்கள்.

நீ எழுதியதைப் படித்தேன். நான் பதினாறு வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். இப்போது என் கீழே எழுபது பேர், பதினெட்டு மாடி. சுவரில் ஈரம் என்றால் அதற்கு நூறு காரணம் உண்டு. கல் பாவியதுதான் காரணம் என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய்.

அப்பா போன மாதமே போனில் சொன்னார், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, அதனால்தான் சுவர் நனைகிறது என்று. அதை ஏன் நீ எழுதவில்லை? குழாய்க்காரனைக் கூப்பிட்டுப் பார்த்தாயா? அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் காற்று எப்படிப் போகும்? மேற்கு ஜன்னலை நீ வருஷம் முழுக்கத் திறப்பதில்லை, தையல் துணியில் தூசி விழும் என்று. முற்றத்தை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிறாய். இதெல்லாம் யார் தப்பு?

முதலில் குழாயைப் பார். பிறகு சுவரில் பழைய பூச்சைத் தட்டிவிட்டு, ஈரம் தாங்கும் மருந்து கலந்த சிமென்ட் பூச்சு இடுப்பளவுக்குப் பூசச் சொல். நம் கொத்தனாருக்குத் தெரியும். சரியாகிவிடும்.

எதற்காகக் கல் போட்டேன் என்பதையும் மறந்துவிடாதே. அந்த இரண்டு படியில் அப்பாவைத் தூக்கி இறக்க முடியவில்லை, இடுப்பு போச்சு என்று அழுதது நீ. அழுகையைக் கேட்டுத்தான் பதினைந்து நாள் லீவில் வந்து, வெயிலில் நின்று, முடித்துக் கொடுத்துவிட்டுப் போனேன். அந்த மனிதருக்கு வெளியே போக இருப்பது அந்த ஒரு முற்றம். அதையும் பெயர்த்துவிட்டால் அடுத்து என்ன, ஏதாவது முதியோர் விடுதி பார்த்து வைத்திருக்கிறாயா?

கோபித்துக்கொள்ளாதே. எழுதும்போது வந்துவிட்டது. அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன்.

தம்பி

*

ஜூலை 8

தம்பிக்கு,

அடிக்காமல் விட்டதற்கு நன்றி. போன வருஷம், "வீட்டு மேல கண்ணு வெச்சுத்தானே அப்பாவைப் பாத்துக்கறே" என்று கேட்டாய். இப்போது முதியோர் விடுதி. இரண்டில் எது என்று ஒரு முடிவுக்கு வா. வீட்டைப் பிடுங்கப் பார்ப்பவள் அவரை வைத்துக்கொள்ள வேண்டும். விடுதிக்கு அனுப்பப் பார்ப்பவளுக்கு வீடு எதற்கு?

குழாய்க்காரர் வந்தார். குளியலறை கிழக்குப் பக்கம் இருக்கிறது, சுவர் மேற்கில் நனைகிறது, குழாய்த் தண்ணீர் நடு வீட்டைத் தாண்டிக் குதித்துப் போகுமா என்று என்னையே கேட்டார். இருந்தாலும் நீ சொன்னாய் என்பதால் திறந்து பார்க்கச் சொன்னேன். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

பிறகு உன் மருந்துப் பூச்சு. மூன்று நாள் அப்பாவை என் அறையில் போட்டுவிட்டு, சுவரைக் கொத்தி, இடுப்பளவுக்குப் பூசியாயிற்று. பத்து நாள் பளிச்சென்று இருந்தது. அப்பா உனக்குப் போன் செய்து, "நீ சொன்னபடி செஞ்சதும் பாரு, கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதினோராவது நாள் மழை. ஈரம் பூச்சுக்குள் ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே வந்து எட்டிப் பார்க்கிறது. இப்போது ஜன்னல் அடிக்கட்டை வரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம், அவ்வளவுதான்.

கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டேன். பல்லிடுக்கில் தீக்குச்சியை வைத்துக்கொண்டு வெகு நேரம் சுவரையே பார்த்தார். "என்ன அப்படிப் பார்க்கறீங்க, அதுவா பேசப் போகுது?" என்றேன். பிறகுதான் வாயைத் திறந்தார். சுவர் கட்டும்போது, பழைய தரையிலிருந்து அரை அடி உயரத்தில், தார் பூசி ஒரு கறுப்புப் பட்டை விட்டிருப்பார்களாம். மண்ணிலிருந்து வரும் ஈரம் அந்தப் பட்டையோடு நின்றுவிடுமாம். வெளித் தரை எப்போதும் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டுமாம். நீ ஒரு அடி உயர்த்தியதால் பட்டை மண்ணுக்குள் போய்விட்டது. மண்ணும் தண்ணீரும் பட்டைக்கு மேலே சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஈரத்துக்குத் தடையே இல்லை.

"இது அன்னைக்கே தெரியாதா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும்மா. தம்பிகிட்ட சொன்னேன். கல்லு பட்டைக்கு மேல போகுது, சுவரை ஒட்டி ஒரு அடி இடைவெளி விடுவோம்னு. தம்பிதான், லீவு முடியுது, ரெண்டு நாள்ல முடிங்க, பாத்துக்கலாம்னாரு. அவரும் கட்டட வேலை தெரிஞ்சவரு. நான் என்ன சொல்றது?"

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. பதினெட்டு மாடிக்கும் நீ இப்படித்தான் பார்த்துக்கொள்கிறாயா?

இதற்கு மட்டும் பதில் சொல். கொத்தனார் சொன்னாரா, இல்லையா?

அக்கா

*

ஜூலை 24

அக்காவுக்கு,

சொன்னார்.

பொய் சொல்ல வரவில்லை. அவர் சொன்னார், எனக்கும் தெரியும். சுவரைச் சுற்றி ஒரு அடி வெட்டி, ஜல்லி போட்டு, வாசலில் மட்டும் சக்கரம் போக மேலே இரும்புச் சட்டம் வைத்திருக்க வேண்டும். இன்னும் நாலு நாள் வேலை. எனக்கு இருந்தது இரண்டு நாள். அடுத்த லீவில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த லீவு கிடைக்கவில்லை.

ஆனால் கொத்தனார் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன். முற்றத்தை உயர்த்த வேண்டும் என்பது என் முதல் யோசனையே இல்லை. ஒரு சாய்தளம் போடத்தான் நினைத்தேன். இரண்டு படி உயரத்துக்கு, கஷ்டமில்லாமல் சக்கரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். சுவரை ஒரு அடி விட்டு, அப்பாவின் வாசலிலிருந்து உன் தையல் அறை வாசலைத் தாண்டிப் போகும். நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். நீ கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்தாய். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"என் வாசலை மறிச்சுட்டு ஒண்ணும் வேணாம். அளவு குடுக்க வர்றவங்க தாண்டிக் குதிச்சு வருவாங்களா? எல்லாத்தையும் ஒரே மட்டமா ஆக்கிட்டுப் போ."

ஒரே மட்டமாக ஆக்கிவிட்டுப் போனேன்.

உன்னிடம் சண்டை போட நேரமில்லை அப்போது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வருகிற மகன் ஒவ்வொரு தடவையும் அக்காவோடு கத்துவதைப் பார்க்கத்தான் அவர் காத்திருக்கிறாரா என்று தோன்றியது. அதனால் விட்டேன். உன் முதல் கடிதத்தில் இந்தச் சாய்தளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

தம்பி

*

ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை அன்றே குறுஞ்செய்தியில் சொல்லிவிட்டேன். இன்று ஐந்தாவது நாள். மூச்சு கொஞ்சம் பரவாயில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டில் சுவர் ஈரமாக இருக்கிறதா?" என்றுதான். அந்த அறையில் இனி படுக்கக் கூடாது, அல்லது அந்தச் சுவர் காய வேண்டும் என்கிறார். இருப்பதே இரண்டு அறை, இரண்டுக்கும் ஒரே சுவர். நடுவில் இருக்கும் சமையலிடத்திலா போடுவது?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு ஆள் வாயைத் திறந்தபடி தூங்குகிறார்.

நீ எழுதியது உண்மை. அப்படித்தான் சொன்னேன். மறக்கவும் இல்லை. முதல் கடிதம் எழுதும்போது அது நாக்கு நுனி வரை வந்தது, எழுதவில்லை. அன்றைக்கு இரண்டு பள்ளிக்கூடச் சீருடை வேலை கையில் இருந்தது. வாசலை மறித்தால் வருகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள் என்று பயம். அப்பாவின் சோறும் மருந்தும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது, நீ அனுப்புவதோடு சேர்த்து. அந்தப் பயத்தில் சொன்னேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சுவருக்குள் கறுப்புப் பட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரியாமல் சொன்னவளும் தெரிந்து செய்தவனும் ஒரே தராசிலா? "அக்கா, அப்படிச் செய்தால் சுவர் நனையும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாசலை விட்டுக் கொடுத்திருப்பேனா மாட்டேனா என்பது இப்போது யாருக்கும் தெரியப்போவதில்லை. நீ கேட்கவே இல்லையே.

சண்டை போதும். அப்பா வீட்டுக்கு வருவதற்குள் சுவரை ஒட்டித் தோண்ட வேண்டும். அவர் படுக்கையில் இருக்கும்போதும் கேட்டுப் பார்த்தேன். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு, "கல்லைத் தொடாதே" என்றார். அவருக்குத் தெரியாமல் செய்தால் என்னை ஒருபோதும் மன்னிக்கமாட்டார். நீ போன் செய். "நான் போட்டது தப்பு அப்பா, அக்கா சொல்றபடி செய்யட்டும்" என்று சொல். ஒரு நிமிஷப் பேச்சு. உன் மேல் அவருக்கு இருக்கும் மதிப்பு குறையும் என்று பயப்படாதே, அது குறைகிற மதிப்பு இல்லை. கூடவே இருந்து பார்க்கிறவளுக்குத் தெரியும்.

அக்கா

*

ஆகஸ்ட் 22

அக்காவுக்கு,

அப்பாவோடு பேசிவிட்டேன். சுவர் விஷயமும் பேசினேன். இனிமேல் தொந்தரவு பண்ணமாட்டார் என்று நினைக்கிறேன். நீ ஆக வேண்டியதைப் பார்.

இங்கே மேல் தளம் கான்கிரீட் போடும் வேலை நடக்கிறது, நகர முடியவில்லை. அதிகம் எழுத நேரமில்லை.

தம்பி

*

செப்டம்பர் 14

தம்பிக்கு,

பேசிவிட்டாய். ஆமாம், நன்றாகப் பேசியிருக்கிறாய்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, தோண்டுவதைப் பற்றி ஆரம்பித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் எல்லாம் சொன்னான். நீ குழாயைத் திறந்து விட்டுட்டு மறந்து போயிடறியாமே. பாவம், வேலை அதிகம், அக்காவைத் திட்டாதீங்கன்னு எனக்கே புத்தி சொல்றான்" என்றார்.

கேட்டுக்கொண்டு நின்றேன். குழாய் ஒழுகவில்லை என்று நான் ஜூலையில் உனக்கு எழுதினேன். நீ கொத்தனார் சொன்னதை ஒப்புக்கொண்டு எழுதினாய், அந்தக் காகிதம் என் தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது. அதை எடுத்து வந்து அவர் மடியில் போட்டிருக்கலாம். கை இழுப்பறை வரை போயிற்று. இருமிக்கொண்டிருந்தார். போடவில்லை.

மறுநாள் காலை கொத்தனாரை வரச் சொன்னேன். அப்பா ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பும்போது, "நிறுத்து" என்றார். கொத்தனார் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி நெம்பினேன். மேற்குச் சுவர் நெடுக, ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். உள்ளே மண் குழம்பாக இருந்தது. கறுப்புப் பட்டை தெரிந்தது. கை வைத்துப் பார்த்தேன். பட்டைக்கு மேலே சுவர் மாவு மாதிரி உதிர்ந்தது. பள்ளத்தின் அடியில் ஜல்லி போட்டு, தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகச் சரிவு கொடுத்தாயிற்று. வாசலில் பள்ளத்தின் மேல் கெட்டியான பலகை போட்டிருக்கிறது. சக்கரம் தாராளமாகப் போகும். நானே உட்கார்ந்து உருட்டிப் பார்த்தேன்.

அப்பா அன்றையிலிருந்து வெளியே போகவில்லை. சாப்பிடுகிறார், மருந்து குடிக்கிறார், என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். அத்தை வந்து பார்த்துவிட்டு, "அண்ணனை ஏன் இப்படி அடைச்சுப் போட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுவர் காய நாளாகும் என்கிறார் கொத்தனார். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொல்கிறார். சுவர் ஒன்பது அங்குலம்.

நீ வாயைத் திறந்து உண்மை சொல்லியிருந்தால் அவர் பலகை மேல் போயிருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

அக்கா

*

அக்டோபர் 26

அக்காவுக்கு,

பிரிக்கமாட்டேன் என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து பத்து நாள் ஆகிறது. அந்த நாலு நாளில் நாம் இருவரும் பேசியது, "சாவி எங்கே?", "ஆணியில்" என்ற இரண்டு வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

கிளம்புகிற அன்று காலை நீ கடைக்குப் போயிருந்தபோது பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். டேப் வைத்து அளந்தேன். பட்டைக்கு மேலே ஆறு அங்குலம் ஏற்றியிருக்கிறேன். எங்கள் சைட்டில் புதிதாகச் சேர்ந்தவன் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்த அன்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் எடுத்ததும், "தம்பி, இங்க பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட உன்னைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், இரு அவர்கிட்ட தர்றேன்" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் போனை வாங்கி, உங்கள் அப்பா கொடுத்து வைத்தவர் என்றார். மறுபடி அப்பா கைக்கு வந்தபோது என் வாயில் குழாய் என்றுதான் வந்தது. அவரே முன்பு சொன்னதுதானே, அதையே சொல்லிவிட்டேன். உன்னை மாட்டிவிட நினைக்கவில்லை. ஆனால் குழாய் என்று சொன்னால் அதைத் திறந்தவள் ஒருத்தி இருக்க வேண்டும் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. திருத்தவில்லை.

எடுத்த உடனே சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி

*

நவம்பர் 12

தம்பிக்கு,

பிரித்துவிட்டேன். ரோஷம் அவ்வளவுதான்.

நீ ஒன்றை விட்டுவிட்டாய். அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று, அத்தை முற்றத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "அந்தப் பள்ளத்தைத் தோண்டின அன்னைக்கே எங்க அண்ணன் போயிட்டாரு. புள்ள ஆசையா போட்ட தரை. அதைப் பேத்துப் போட்டு மனுஷனை முடக்கிட்டா." நீ பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றாய். ஆறிப்போன காபியை ஊதி ஊதிக் குடித்தாய். உன் வாய் அசையுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். தூக்கம் வரவில்லை.

கொத்தனார் பலகையை எடுத்துப் போக வந்தார். இனி தேவையில்லையே என்று நான்தான் சொல்லியனுப்பினேன். வந்தவர் வெளியே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஒரு விஷயம்மா, மனசுல வெச்சுக்க முடியல" என்றார். பிப்ரவரியில், நான் உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு நாலு மாதம் முன்பே, அப்பா அவரைத் தெருவில் பார்த்து உள்ளே கூப்பிட்டாராம். நான் துணி கொடுக்கப் போயிருந்தேன் போலிருக்கிறது. சுவரைக் காட்டி, இது எதனால் என்று கேட்டாராம். கொத்தனார் பட்டை விஷயத்தை எல்லாம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு அப்பா,

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. கட்டட வேலையில இருக்கிறவன், அவன் போட்டது தப்புன்னு நாலு பேர் பேசக் கூடாது. மனசு உடைஞ்சுடுவான். குழாய்ன்னு இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம்.

"அப்ப அம்மா கேட்டா என்ன சொல்றது?" என்று கொத்தனார் கேட்டிருக்கிறார், என்னைத்தான்.

"அவ தாங்குவா" என்றாராம்.

ஆக, அவருக்குத் தெரியும். அந்தச் சுவர் ஏன் நனைகிறது என்று தெரிந்தே அதன் பக்கத்தில் படுத்து இருமினார். தெரிந்தே டம்ளரைத் தட்டினார். உன்னிடம் குழாய் என்று சொன்னதும் அவர்தான், நீ அதையே திருப்பிச் சொன்னபோது நம்பியதுபோல் கேட்டுக்கொண்டதும் அவர்தான். உனக்கு இது ஆறுதலாக இருக்கும். நீ சொல்லாத உண்மை அவரிடம் ஏற்கெனவே இருந்தது, அதற்காக அவர் உன்னை ஒரு துளி குறைவாக நேசிக்கவில்லை. எடுத்துக்கொள்.

எனக்கு என்ன வைத்துவிட்டுப் போனார் என்று யோசித்துப் பார்த்தேன். "அவ தாங்குவா." அவ்வளவுதான்.

உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அத்தைக்கு எழுது. போன் வேண்டாம், எழுது. தப்பு எது, யாருடையது என்று எழுது. நான் கடைத்தெருவில் நடக்கும்போது அத்தையின் மருமகள் எதிர்ப்பக்கம் தாண்டிப் போகிறாள்.

அக்கா

*

டிசம்பர் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அத்தைக்கு எழுதிவிட்டேன். நாலு பக்கம். பட்டை, ஆறு அங்குலம், கொத்தனார் சொன்னது, நான் கேட்காதது, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்ன பொய், எல்லாம். நீ சாய்தளம் வேண்டாம் என்றதை எழுதவில்லை. அப்பா கொத்தனாரிடம் சொன்னதையும் எழுதவில்லை, அது உன்னுடையது.

போன வாரம் பதில் வந்தது. மறைக்கக் கூடாது என்பதால் அவர் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அண்ணனின் குணம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. அக்கா செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனசு இந்தக் காலத்தில் யாருக்கு வரும்? கட்டடத்திலேயே பிழைக்கிற உனக்கு ஒரு முற்றம் போடத் தெரியாதா? எங்களுக்குத் தெரியாதா? அவள் சொல்லித்தான் நீ இதை எழுதியிருக்கிறாய் என்பதும் தெரிகிறது. கவலைப்படாதே, அவளை நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம். கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன் சித்தப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது."

மறுபடி எழுதினேன். போனும் செய்தேன். "போதும்ப்பா, உன் நல்ல மனசு எங்களுக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டார். சித்தப்பாவிடம் பேசினேன், அவரும் அதையே சொன்னார். நான் எவ்வளவு சத்தமாக என் தப்பு என்கிறேனோ அவ்வளவுக்கு நல்லவனாகிக்கொண்டே போகிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச்சில் லீவு கிடைக்கும். வரலாமா? வேண்டாமென்றால் அதையாவது எழுது.

தம்பி

*

டிசம்பர் 27

தம்பிக்கு,

படித்தேன். சிரிப்புத்தான் வந்தது, தப்பாக நினைக்காதே. மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். துணி கொடுக்க வந்தவர் என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை, தம்பி எழுதியிருக்கிறான் என்றேன்.

அப்பாவின் அறைச் சுவரில் ஓதம் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. மேலே காய்ந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. நான் மேற்குப் பக்கம் மட்டும்தான் தோண்டியிருக்கிறேன். வடக்குச் சுவரை ஒட்டி உன் கல் இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கேயும் ஒரு சாண் அளவுக்குக் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

மார்ச்சில் வா. வந்த அன்றே அத்தையையும் சித்தப்பாவையும் கூப்பிட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வை. கொத்தனாரைக் கூப்பிடாதே. அவர்கள் பார்க்க, வடக்குச் சுவர் நெடுக நீயே தோண்டு, கறுப்புப் பட்டை தெரிகிற வரைக்கும். தெரிந்ததும் அத்தையைக் குனிந்து தொட்டுப் பார்க்கச் சொல்.

கடப்பாரை கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

அக்கா